வளையல் படும் இடம்

பேஸ் கிட்டார் வாங்கிய அன்று கூடவே ஒரு பிளாஸ்டிக் பையும் கொடுத்தார்கள். உள்ளே ஒரு கறுப்புத் தகடு, கொஞ்சம் சின்னச் சின்ன ஸ்க்ரூ. அந்தத் தகட்டுக்குப் பிக்கார்டு என்று பெயர். கம்பியை மீட்டும்போது நகமோ, பிக் என்கிற மீட்டும் சில்லோ பட்டு மரத்தின் வார்னிஷ் கீறிவிடாமல் இருக்க, கம்பிகளை ஒட்டி மரத்தின்மேல் அதைப் பொருத்துவார்கள். விலை கூடிய கிட்டார்களில் பொருத்தியே வரும். என்னுடையது கல்கத்தாவில் லால்பஜார் பக்கம் ஒரு கடையின் பின்கட்டில் செய்தது. அங்கே கிட்டார் தனி, தகடு தனி. "போட்டுத் தரட்டுமா? ஐந்து நிமிஷ வேலை" என்று கடைக்காரர் துளை போடும் மெஷினைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்பா கூட வந்திருந்தார். தன் பாதி இந்தியிலும் பாதி வங்காளத்திலும் அவரைத் தடுத்து நிறுத்தி, "ஓட்டை போடணுமா?" என்று கேட்டார். போடாமல் எப்படி நிற்கும் என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பி, "ஓட்ட போட்டா போட்டதுதான். வீட்டுக்குப் போயி நிதானமா யோசிப்போம்" என்றார்.

அந்த நிதானமான யோசனை பத்து வருஷத்துக்கு மேல் நடந்தது. நாட்டில் அரசாங்கங்கள் மாறின, கல்கத்தா கொல்கத்தா ஆனது, டிராம்கள் குறைந்தன. தகடு மட்டும் பையிலேயே இருந்தது.

அப்பாவுக்கு ஓட்டை என்றால் ஆகாது. மத்திய அரசின் கணக்குத் துறையில் வேலை. கொச்சி, விசாகப்பட்டினம், நாக்பூர் என்று எங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றி, கடைசியில் கல்கத்தாவுக்கு வந்தார். அலிப்பூரில் அலுவலகம், பெஹாலாவில் குவார்ட்டர்ஸ். வீட்டைக் காலி செய்யும்போது யாரோ ஒருவர் வந்து சுவர்களைச் சோதித்து, புது ஆணி இருந்தால் குறித்துக்கொண்டு போவார் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அப்படி ஒருவர் வந்து நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் எந்த ஊரிலும் நாங்கள் ஓர் ஆணி அடித்தது கிடையாது. முன்னால் குடியிருந்தவர்கள் அடித்துவிட்டுப் போன ஆணிகளில்தான் எங்கள் சாமான்கள் தொங்கின. பெஹாலா வீட்டில் நல்ல ஆணி ஒன்று குளியலறைக் கதவுக்கு மேலே இருந்தது. ஆகவே காலண்டர் அங்கே. முருகன் படத்துக்குக் கிடைத்தது ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஆணி. சாயங்கால வெளிச்சத்தில் சாமி தெரியாது, கும்பிடுகிறவர் முகம்தான் தெரியும். நான் தலை வாரிக்கொள்ள அதைத்தான் பயன்படுத்தினேன் என்று அம்மாவிடம் சொன்னதில்லை.

டிவி வந்த அட்டைப்பெட்டி, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி எல்லாம் பரணில் பத்திரமாக இருந்தன. கிட்டார் வந்த பெட்டியும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. "ஆர்டர் வந்தா கட்டணும்லா" என்பார் அப்பா. டிரான்ஸ்ஃபர் ஆர்டரைத்தான் சொல்வார். எங்கள் வீட்டில் ஆர்டர் என்பது மழை மாதிரி, எப்போது வேண்டுமானாலும் வரலாம். பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதி கிடைத்து, அவள் வீட்டுப் பலகாரத்தின் ருசி பிடிபடும்போது வந்துவிடும். அப்புறம் நான் சிநேகிதம் பிடிப்பதையே நிறுத்திக்கொண்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அது ஒரு வறண்ட வாழ்க்கை.

கல்கத்தாவில் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அது மாறியது. தொண்ணூறுகளின் நடுவில் அந்த ஊரில் தெருவுக்கு ஒரு வங்காளி இசைக்குழு, அவர்கள் பேச்சில் பாண்டு, முளைத்துக்கொண்டிருந்தது. என் வகுப்பில் பாடுகிற பையன் ஒருவன், கீபோர்டு வாசிக்கிற பெண் ஒருத்தி, டிரம்ஸ் அடிக்கிற பையன் ஒருவன் சேர்ந்து ஒன்று ஆரம்பித்தார்கள். தென்னாட்டுப் பெண்ணாயிற்றே, நன்றாகப் பாடுவாள் என்று நினைத்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் பாடிக் காட்டினேன். கேட்டுவிட்டு, அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்ற மரியாதையில், "பேஸ் வாசிக்க ஆள் இல்லை" என்றான் டிரம்ஸ்காரன். அப்படித்தான் நான் பேஸ்காரி ஆனேன். யாருக்கும் வேண்டாத வாத்தியம் அது. மேடையில் ஓரமாக நிற்க வேண்டும், கேட்கிறவர்களுக்கு அது இருப்பதே தெரியாது, நிறுத்தினால்தான் என்னவோ குறைகிறதே என்று நினைப்பார்கள். எனக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று.

டிரம்ஸ்காரன் வீடும் பெஹாலாவில்தான். அவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்து அறையில் சனிக்கிழமைதோறும் பயிற்சி. நான் போகத் தாமதமானால் மூன்று பேரும் வாசற்படியில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். என்னை எதிர்பார்த்துக் காத்திருக்கிற ஆட்களை நான் அந்த வயதில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதற்காகவே சில நாள் வேண்டுமென்று தாமதமாகப் போயிருக்கிறேன்.

சிக்கல் வளையலால் வந்தது. நான் பெரிய மனுஷி ஆனபோது தாய்மாமா இரண்டு கைக்கும் தங்க வளையல் போட்டார். மெல்லிசுதான், ஆனால் சுற்றிலும் வெட்டு வேலைப்பாடு. போட்ட பிறகு கை வளர்ந்துவிட்டது, வளையல் வளரவில்லை. சோப்பு போட்டு இழுத்தாலும் கட்டைவிரல் எலும்பைத் தாண்டுவது கஷ்டம். தாண்டினாலும் அம்மா விடமாட்டாள். பொம்பளப் பிள்ளை வெறுங்கையோடு இருக்கக் கூடாது என்பது அவளுக்குச் சட்டம். திருநெல்வேலியில் இருந்து அவள் எல்லா ஊருக்கும் கட்டி எடுத்து வந்த சாமான்களில் அதுவும் ஒன்று, அதற்கு மட்டும் அட்டைப்பெட்டி தேவைப்படவில்லை.

பேஸ் வாசிக்கும்போது வலது முன்கை கிட்டாரின் மேல் விளிம்பில் படிந்திருக்கும். விரல் ஒவ்வொரு முறை கம்பியை இழுக்கும்போதும் மணிக்கட்டு அசையும், வளையல் மரத்தில் டிக் என்று இடிக்கும். கொஞ்ச மாதத்தில் அந்த இடத்தில் வார்னிஷ் முழுக்க மெல்லிய கோடுகள். ஒருநாள் கேசட்டில் பதிவு செய்து போட்டுக் கேட்டோம். பாட்டுக்கு நடுவே யாரோ கதவைச் சுண்டுகிற சத்தம். "உன் மணிக்கட்டில் இன்னொரு டிரம்ஸ்காரன் உட்கார்ந்திருக்கிறான். அவனை அனுப்பிவிடு, நான் ஒருவன் போதும்" என்றான் எங்கள் டிரம்ஸ்காரன்.

வீட்டில் வந்து சொன்னேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும்வரை வாக்குவாதம் நடந்தது.

"அதுக்குத்தான் அந்தக் கறுப்புத் தகடு குடுத்திருக்கான்லா? அத வச்சி அடிச்சிர வேண்டியதான. பலகையில ஒரு தகட்ட அடிச்சா என்ன கொறஞ்சிரும்?" என்றாள் அம்மா.

"ஓட்ட விழும்" என்றார் அப்பா.

"விழட்டுமே."

"நாளைக்கே இவளுக்கு இது வேண்டாம்னு தோணிச்சின்னா? ஓட்ட விழுந்த சாமான எவன் வாங்குவான்? வளையலக் கழத்தி வைக்கச் சொல்லு. வாசிச்சிட்டு வந்து போட்டுக்கிடட்டும்."

"எம் பிள்ள எதுக்கு வெறுங்கையா நிக்கணும்? அந்தக் கட்டைக்கு வலிக்குமா?"

"கட்டைக்கு வலிக்காது. சத்தம் கேக்குன்னுதான சொல்லுதா."

"கேட்டா கேக்கட்டும். வளையச் சத்தம் கேட்டா ஊரு சிரிக்கவா போகுது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பையைப் பிரித்து, தகட்டை எடுத்துக் கிட்டாரின்மேல் வைத்துப் பார்த்தேன். அது கம்பிகளுக்குக் கீழ்ப்பக்கமாக வளைந்து போய் நின்றுவிட்டது. கீறல் விழுந்த இடம் மேல்பக்கத்தில், தகட்டுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அந்தத் தகட்டின் வடிவத்தை முதலில் வரைந்தவருக்குப் பிக் பிடித்த கையைத் தெரியும். வளையல் போட்ட கை என்று ஒன்று உலகத்தில் இருப்பது தெரியாது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இது ஆம்பளைக்குச் செஞ்சது" என்று சொல்லி, சோற்றைச் சூடு பண்ண எழுந்து போனாள். அப்பாவுக்கு ஏக சந்தோஷம். பை மறுபடி பெட்டிக்குள் போனது.

அதற்குப் பிறகு மேடையில் வளையலின்மேல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வாசித்தேன். பார்த்தவர்கள் அதை ஸ்டைல் என்றார்கள். பயிற்சியில் கைக்குட்டை கட்ட மாட்டேன், வியர்க்கும். அதனால் கீறல்கள் கூடிக்கொண்டே போயின. அப்பா அவ்வப்போது கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி அவற்றைப் பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டுப் போவார். அம்மா பார்த்தால், "கெடக்கு விடு" என்பாள்.

இரண்டாயிரம் வாக்கில் அப்பா ஓய்வு பெற்றார். பரணில் இருந்த பெட்டிகள் எல்லாம் இறங்கின. ஒவ்வொரு சாமானும் அது வந்த பெட்டிக்குள்ளேயே சரியாகப் போய் உட்கார்ந்தது, அப்பா முகத்தில் பரீட்சையில் பாஸான களை. எனக்கு அப்போது ஒரு தனியார் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. நான் வரவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்றேன். பாண்டு இருக்கிறது என்று நினைத்துத்தான் சொன்னேன். அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்து வளையலைச் சுற்றிச் சுற்றி விட்டாள். அவர்கள் ஹவுராவில் ரயில் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போனார்கள். நான் பெஹாலாவிலேயே ஒரு மாடி அறைக்குக் குடி போனேன். கிட்டாரின் அட்டைப்பெட்டியை அப்பா மறக்காமல் எனக்கு விட்டுவிட்டுப் போயிருந்தார்.

நான் தங்கின கொஞ்ச நாளிலேயே பாண்டு கலைந்தது. சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது நினைத்துக் கோபப்பட்டுக்கொண்டு இருக்கலாம். பாடுகிறவனுக்கு அமெரிக்காவில் வேலை, கீபோர்டுக்காரிக்கு டெல்லியில் கல்யாணம். டிரம்ஸ்காரன் பெங்களூருக்குப் போகும்முன் வந்து, "நீங்கள்தானே ஊர் ஊராகப் போகிறவர்கள்? நாங்கள்தானே இங்கேயே கிடக்கிறவர்கள்? எப்படி மாறிப்போயிற்று பார்" என்றான். இருவரும் சிரித்தோம். அவன் போன பிறகு நான் அழுதேன்.

ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள். தனியாக பேஸ் வாசித்துப் பார்த்தவர்களுக்கு அது புரியும். கிட்டார் தனியாகப் பாடும், கீபோர்டு தனியாகப் பாடும். பேஸைத் தனியாக வாசித்தால் யாரோ பக்கத்து அறையில் நடந்து போகிற மாதிரிதான் இருக்கும். நாலு பேர் நடுவில்தான் அதற்குப் பேச்சு. ஆனாலும் வேலை முடிந்து வந்து சாயங்காலங்களில் பழைய பாட்டுகளின் என் பங்கை மட்டும் வாசிப்பேன். மற்ற மூன்று பேரின் பங்கும் மனசுக்குள் ஓடும். கீழே வீட்டுக்காரர்கள் இருந்ததால் ஆம்ப்ளிஃபயரைப் போடுவதில்லை. மின்சாரம் இல்லாத பேஸ் வாசிக்கிறவளுக்கே பாதிதான் கேட்கும். அந்த அறையில் வளையல்தான் பெரிய சத்தம்.

வீட்டுக்கார அம்மாளை வங்காள வழக்கப்படி காகிமா, அதாவது சித்தி, என்பேன். ஒருநாள் அவள் படிக்கட்டில் நின்று கேட்டாள். "தினமும் சாயங்காலம் ரொம்ப நேரம் காய் நறுக்குகிறாயே, அம்மா. யாருக்கு அவ்வளவு சமைக்கிறாய்?"

காய் நறுக்கவில்லை, கிட்டார் வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். "எனக்குத்தான் காகிமா" என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். அன்றைக்கு ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டது நன்றாக நினைவிருக்கிறது.

இப்படியே சில வருஷம் போயிற்று. கல்யாணப் பேச்சுகள் வந்து, ஒன்றும் கூடிவராமல் தாமாகவே ஓய்ந்தன. ஒரு மழைக்கால மத்தியானம் அலுவலகத்துக்குப் போன் வந்தது. அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, அவருடைய பெரிய நாற்காலி மட்டும் காலியாக வராந்தாவில் இருந்தது. பாளையங்கோட்டை வீடு அவர் சொந்தமாகக் கட்டியது. அங்கேகூடச் சுவரில் ஒரே ஓர் ஆணிதான் இருந்தது. அதில் இப்போது அவர் படத்தை மாட்டியிருந்தார்கள். அதற்குமுன் அந்த ஆணியில் காலண்டர் தொங்கியதாம்.

காரியம் முடிந்த மறுநாள் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டாள். அவள் கைகளைப் பார்த்தேன். என் நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கைகளில் இரண்டிரண்டாகத் தடித்த வளையல்கள் கிடக்கும். இப்போது அவை இருந்த இடத்தில் வெளுத்த தழும்பு மட்டும். வெறுங்கை கூடாது, வெறுங்கை கூடாது என்று ஆயுசு முழுக்க என்னிடம் சொன்னவளை உட்காரவைத்து வெறுங்கையாக்கிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வீட்டில் இருந்த அத்தனை அத்தைமார்களையும் ரயிலேற்றியிருப்பேன்.

"போட்டுக்கோம்மா. யார் என்ன சொன்னா என்ன? நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"எனக்கு மனசு ஒப்பல" என்றாள். "ஒங்க அப்பா எடுத்துக் குடுத்தது. பொட்டிக்குள்ள கெடந்தா எனக்கு ஒறக்கம் வராது. ஒங் கையில கெடக்கட்டும்."

அவள் கை என் கையைவிடப் பெரியது. வளையல்கள் எனக்கு லொடலொடவென்று இருந்தன. வலது கையில் இரண்டு, இடது கையில் இரண்டு, என் பழைய மெல்லிசுகளுக்குப் பக்கத்தில். அம்மாவைக் கல்கத்தாவுக்குக் கூப்பிட்டேன். வந்தால் அங்கே பகல் முழுக்க யாரோடு பேசுவேன் என்று கேட்டாள். நானே யாரோடும் பேசாமல்தானே இருந்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளோடு போன் பேசுவது வழக்கமாயிற்று. கைபேசி வந்துவிட்ட காலம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழைதான். அதோடு பேச்சு தீர்ந்துவிடும். வைக்கவும் மனசு வராது. ஒருநாள் போனைச் சத்தமாகக் கேட்கும்படி வைத்து, கட்டில்மேல் போட்டுவிட்டு, கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னட்டி அது, சிக்கு சிக்குன்னு?" என்றாள் அம்மா.

"வளைய. கிட்டார்ல இடிக்கி."

"எது? என் வளையலா?"

"ஒன் வளையலும்தான்."

"நல்லா இடிக்கட்டும்" என்றாள். அந்தப் பக்கம் அவள் முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான். கம்பிச் சத்தம் எதுவும் போனில் அவளுக்குப் போகாது. வளையல் மட்டும் போகும். அவள் தன் வேலையைப் பார்ப்பாள், நான் என் பாட்டுக்கு வாசிப்பேன். பேச்சு இல்லாவிட்டாலும் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் அம்மாவின் வளையல் கனம். கொஞ்ச மாதம் கழித்து ஒருநாள் கிட்டாரைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். பழைய மெல்லிய கோடுகளின்மேல் புதுசாக அகலமான தேய்மானம் விழுந்து, கீழே உள்ளவற்றை அழித்துக்கொண்டிருந்தது. அந்தக் கோடுகள் நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தபோது விழுந்தவை. அப்பா கண்ணாடியை இறக்கி உச்சுக் கொட்டிய கோடுகள். பெஹாலா வீட்டிலிருந்து என்னிடம் மிச்சம் இருந்தது அதுதான். பாளையங்கோட்டைக்குப் போன சாமான்கள் எல்லாம் புத்தம் புதுசாக இருந்தன, எதிலும் எங்கள் கை பட்ட அடையாளமே இல்லை.

எனவே பழைய யோசனை மறுபடி கிளம்பியது. பிக்கார்டு போடுவதா, வேண்டாமா. கறுப்புத் தகடு எட்டாது, எட்டினாலும் மூடிவிடும். எனக்குக் கோடுகள் தெரியவும் வேண்டும், தேயாமலும் இருக்க வேண்டும். கரியாஹாட்டில் பெயர்ப்பலகை செய்கிற ஒரு கடையில் கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் தகடு பார்த்த நினைவு வந்தது. சனிக்கிழமை கிட்டாரையே தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் கீறல் இருந்த இடத்தில் காகிதத்தை வைத்து வரைந்து, அதே வடிவத்தில் தகட்டை வெட்டி, ஓரத்தை உரசி வழவழப்பாக்கினார். பிறகு பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்து, "என்ன பெயர் எழுத வேண்டும், தீதி?" என்று கேட்டார். அவரிடம் வருகிற எல்லோருக்கும் கதவு இருக்கிறது, கதவில் மாட்டப் பெயர்கள் இருக்கின்றன. ஒன்றும் எழுத வேண்டாம் என்றேன்.

"நாலு மூலையிலும் துளை போட்டு ஸ்க்ரூ அடித்துத் தரட்டுமா?" என்றார்.

மெஷின் மேஜைமேல்தான் இருந்தது. ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வேண்டாம், வீட்டில் போய் யோசிக்கிறேன்" என்று வந்தது. அப்பா போய்விட்டாலும் அவர் வாக்கு என் வாயிலேயே குடியிருந்தது. இத்தனைக்கும் எனக்கு ஆர்டர் எதுவும் வரப்போவதில்லை. எங்கே போவதற்காக நான் அந்த மரத்தை முழுசாக வைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, எங்கள் வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் தோன்றும். ஓட்டையும் விழக் கூடாது, தகடும் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் பசை உள்ள தடித்த ஸ்பான்ஜ் டேப்பை வாங்கி வந்து, தகட்டின் ஓரம் முழுக்க ஒட்டி, கீறல்களின்மேல் வைத்து அழுத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. உள்ளே கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. அப்பா இருந்திருந்தால் என் முதுகில் தட்டியிருப்பார்.

அது வைகாசி வெயில் காலம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டேன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். போனைக் கட்டிலில் போட்டுவிட்டு வாசிக்க ஆரம்பித்தேன். வளையல் தகட்டில் பட்டது. அடியில் ஸ்பான்ஜ் இருந்ததால் சத்தம் அமுங்கிப் போயிற்று. எனக்கு அது நல்லதாகவே பட்டது. பாண்டு இருந்த காலத்தில் இப்படி ஒன்று செய்திருந்தால் டிரம்ஸ்காரன் எனக்கு மாலை போட்டிருப்பான்.

ஒரு பாட்டு முடிந்தது. அந்தப் பக்கம் முறத்தின் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தேன்.

"ஏட்டி" என்றாள் அம்மா. "இன்னைக்கு வாசிக்கலயா?"

"வாசிச்சிக்கிட்டுத்தானம்மா இருக்கேன்."

"ஒண்ணும் கேக்கலியே."

நான் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

"கழத்திட்டியா?"

அவள் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். பாளையங்கோட்டையில் தனியாக ஒரு வீட்டில், வெறுங்கையோடு உட்கார்ந்துகொண்டு, கழற்றிவிட்டாயா என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா. கையிலதான் கெடக்கு."

"சரி" என்றாள். நம்பவில்லை என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்தது. "சரிட்டி. ஆபீசுக்குப் போறவ. ஒனக்கு எடஞ்சலாத்தான் இருக்கும். நான் வச்சிருதேன்."

"வைக்காதம்மா, ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே தகட்டின் ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தேன். அது வரவில்லை. சமையல் கத்தியின் முனையை உள்ளே கொடுத்து நெம்பினேன். அந்த வெயிலில் பசை இறுகிப் போயிருந்தது. பலம் கொண்டமட்டும் இழுத்தபோது, தோல் உரிவது போன்ற சத்தத்தோடு மொத்தமாக வந்துவிட்டது.

வார்னிஷும் கூடவே வந்துவிட்டது. ஓரத்தில் பசையோடு பிய்ந்தது நடுவிலும் ஏடாகப் பெயர்ந்து, தகட்டின் அடியில் தொங்கியது. வளையல் போட்ட அத்தனை கோடுகளும் அந்த வார்னிஷோடு நின்றவைதான், மரத்தை அவை தொட்டதே இல்லை. கிட்டாரில் இப்போது வெளுத்த வெறும் மரம், ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. ஸ்க்ரூ அடித்திருந்தால் நாலு சின்ன ஓட்டைதான் விழுந்திருக்கும்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போனில் அம்மா, "ஏட்டி, இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன்" என்றேன். தகட்டைக் கட்டில்மேல் கவிழ்த்துவிட்டு, கிட்டாரைத் தூக்கி மடியில் வைத்து, கையை அந்த வெறும் மரத்தின்மேல் படியவிட்டு வாசித்தேன். வார்னிஷ் இல்லாத மரத்தில் வளையல் பட்டபோது இதுவரை கேட்காத அளவுக்குக் கணீரென்று இருந்தது. கீழே காகிமாகூட, நான் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டேன் என்று நினைத்திருப்பாள், சத்தம் கேட்டதும் நிமிர்ந்து பார்த்திருப்பாள். என்ன பாட்டு வாசித்தேன் என்று நினைவில்லை. பாட்டே இல்லாமலும் இருக்கலாம்.

அந்தப் பக்கம் முறத்தின் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

"கேக்கு" என்றாள் பிறகு. "இப்ப நல்லாக் கேக்கு. போன வச்சிராத."

நான் வைக்கவில்லை.